தியாத்லோவ் மலை: மைனஸ் 45 சாட்சியா, சாக்கா?

கேள்வி: பிப்ரவரி 2, 2025, காலை 7.10

இன்றோடு 66 வருஷம். ரஷ்யாவில் யூரல் மலையில் 9 பேர் கூடாரத்தைக் கிழித்துக்கொண்டு பனியில் இறங்கிச் செத்த கதை இங்கே எல்லோருக்கும் தெரியும். 2020-இல் அரசு வழக்கறிஞர் அலுவலகமே மைனஸ் 40 முதல் 45 டிகிரி குளிர், பனிச்சரிவு, அவ்வளவுதான் என்று அறிவித்துவிட்டது. வானிலையே சாட்சி சொன்ன பிறகு இதில் என்ன மர்மம் மிச்சம்? யூடியூபில் ஆளுக்கொரு பேயை அவிழ்த்துவிட்டுக்கொண்டிருக்கிறார்கள். வழக்கு முடிந்தது என்கிறேன். மறுப்பவர் உண்டா?

பிப்ரவரி 2, காலை 9.35

நான் மறுக்கிறேன் தம்பி. பேய்க்காக இல்லை, அந்த மைனஸ் 45க்காக.

அன்றிரவு அந்தச் சரிவில் எழுதி வைத்த அளவீடு ஒன்றுகூடக் கிடையாது. குழு நாட்குறிப்பு ஜனவரி 31-ஓடு நின்றுவிட்டது. அதற்குப் பின் சொல்லப்படும் ஒவ்வொரு டிகிரியும் தூரத்து நிலையங்களின் அளவை வைத்து யாரோ போட்ட கணக்கு. அப்படி நிலையம் உள்ள ஐவ்தேல் ஊர் அங்கிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் தெற்கே, அதுவும் தாழ்நிலத்தில். வேறு ஆய்வுகள் பெரும்பாலும் மைனஸ் 25, 30 என்றுதான் போட்டிருக்கின்றன. 15 டிகிரி வித்தியாசத்தைச் சாட்சி என்று கூண்டில் ஏற்றினால் எதிர்த்தரப்பு வக்கீல் சிரிப்பார்.

பனிச்சரிவு பற்றி அப்புறம் வருகிறேன். அதை நான் முழுசாகத் தள்ளவில்லை.

பிப்ரவரி 2, காலை 11.50

கதை தெரியாதவர்கள் இரண்டு பேர் தனிச்செய்தியில் கேட்டார்கள், அவர்களுக்காக. ஸ்வெர்த்லோவ்ஸ்க் (இப்போது யெகாதெரின்பர்க்) நகரத்து யூரல் தொழில்நுட்பக் கல்லூரியில் படிப்பவர்களும் படித்து முடித்தவர்களும், கூட வயதில் மூத்த ஒருவருமாகப் பத்துப் பேர் பனிச்சறுக்குக் கட்டைகளில் மலைப்பயணம் கிளம்பினார்கள். தலைவர் இகோர் தியாத்லோவ், வயது 23. யூரி யூதின் என்பவர் உடம்புக்கு முடியாமல் பாதியில் திரும்பினார். 2013 வரை உயிரோடு இருந்தார். மற்ற 9 பேரும் 1959 பிப்ரவரி 1 சாயங்காலம் கோலாத் சியாக்ல் என்ற மலையின் மொட்டைச் சரிவில் கூடாரம் போட்டார்கள். பிரமாதமான உயரம் ஒன்றுமில்லை, 1,100 மீட்டருக்கும் கீழேதான். நம் கொடைக்கானல் ஊரே அதைவிட மேலே இருக்கிறது.

பிப்ரவரி 12 வாக்கில் வரவேண்டிய தந்தி வரவில்லை. தேடிப் போனவர்கள் 26-ஆம் தேதி கூடாரத்தைக் கண்டார்கள். உள்ளே இருந்து கத்தியால் கிழித்திருந்தது. பூட்ஸ், மேலங்கி எல்லாம் உள்ளேயே கிடந்தன. ஒன்றரை கிலோமீட்டர் கீழே, காடு தொடங்கும் இடத்தில் சீடர் (cedar) என்கிற ஊசியிலை மரம் ஒன்று, அதனடியில் தீ மூட்டிய தடம், இரண்டு உடல்கள். மரத்துக்கும் கூடாரத்துக்கும் நடுவில் மூன்று பேர், மேலே ஏற முயன்ற கோலத்தில். மீதி நால்வரைத் தேடி மே மாதம் ஆகிவிட்டது. மே 4-ஆம் தேதி, அந்த மரத்துக்கு 75 மீட்டர் தள்ளி ஓடைப்பள்ளத்தில், ஏறக்குறைய 4 மீட்டர் பனிக்கு அடியில் கிடைத்தார்கள். ஆறு பேர் குளிரில் இறந்தவர்கள். மூன்று பேருக்கு விலா முறிவு, மண்டை முறிவு. மனிதரால் மீற முடியாத இயற்கைச் சக்தி என்று எழுதி அந்த மே மாதமே கோப்பை மூடினார்கள்.

சரி, இப்போது வானிலை. அந்த மலை தானே எழுதி வைத்த குறிப்புகள் சில உண்டு. எல்லாமே காற்றைப் பற்றித்தான் பேசுகின்றன, குளிரைப் பற்றி இல்லை.

முதலில் நாட்குறிப்பு. ஜனவரி 31-ஆம் தேதி கணவாய்க்கு ஏறப்போய், மேற்கிலிருந்து வந்த காற்று துளைத்தெடுத்ததால் திரும்பிப் பள்ளத்தாக்குக்கே இறங்கினார்கள். விமானம் கிளம்பும்போது அடிக்கும் காற்றைப் போல வேகம் என்று எழுதியிருக்கிறார்கள். அன்று பகலின் குளிர் மைனஸ் 18 முதல் 24. அதாவது உயிரோடு இருந்தபோது அவர்களே எழுதிய கடைசி வானிலைக் குறிப்பில் வாட்டியது காற்று.

அடுத்தது புகைப்படம். பிப்ரவரி 1 சாயங்காலம் கூடாரத்துக்காகப் பனியை வெட்டும் கடைசிப் படங்களில் ஆட்கள் குனிந்து நிற்கிறார்கள், பின்னால் ஒன்றும் தெரியவில்லை. தரைப் பனியைக் காற்று வாரி அடிக்கிறது.

மூன்றாவது காலடிகள். அதற்குத் தனியாக எழுத வேண்டும், மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம்.

பிப்ரவரி 2, பகல் 12.05

பனிமலையில் திரியும் பனிமனிதன்தான் கொன்றது என்கிற கட்சிக்காரர் அதற்குள் வந்துவிட்டார். ஐயா, அந்தப் பிள்ளைகள் கூடாரத்தில் கேலியாக ஒரு கைப்பத்திரிகை எழுதி வைத்திருந்தார்கள். அதில் பனிமனிதன் பற்றி ஒரு நக்கல் வரி வருகிறது. அதைத்தான் நீங்கள் ஆதாரம் என்கிறீர்கள். கல்லூரி விடுதிச் சுவரில் எழுதியதை வைத்து வழக்குப் போட்டால் நான் எப்போதோ உள்ளே போயிருப்பேன்.

பிப்ரவரி 2, மாலை 4.20

காலடிகள்.

கூடாரத்துக்குச் சற்றுக் கீழே தொடங்கி அரைக் கிலோமீட்டருக்கும் மேலே, எட்டு ஒன்பது பேர் நடந்த தடம் தெரிந்தது. பள்ளமாக இல்லை, மேடாக. ஒவ்வொரு காலடியும் சின்னத் திண்டுபோல எழுந்து நின்றது. வெள்ளைக்கார மர்மக் கதைக்காரர்கள் இதையும் ஒரு அதிசயமாக்கிவிட்டார்கள்.

நம் பக்கத்துச் செம்மண் பொட்டலில் பெருமழைக்கு அப்புறம் நடந்து பாருங்கள். சரளைக்கல்லோ ஓட்டுச்சில்லோ கிடந்த இடத்தில் மட்டும் மண் விரல் உயரத்துக்குத் தூணாக நிற்கும். சுற்றியிருந்த மண் கரைந்து போயிருக்கும். அதே வேலைதான். கால் மிதித்து இறுகிய பனி நிற்கிறது, சுற்றியிருந்த இளம்பனியைக் காற்று அரித்துக்கொண்டு போய்விட்டது.

இதிலிருந்து இரண்டு விஷயம் நிச்சயம். அவர்கள் நடந்தபோது மேல்பரப்பில் உதிரியான இளம்பனி இருந்தது. இல்லையென்றால் கால் பதிந்தே இருக்காது, அந்தச் சரிவில் இறுகிப்போன ஓடுபோன்ற பனிதான் அதிகம். இரண்டாவது, அவர்கள் போன பிறகு பலமான காற்று நெடுநேரம் அடித்தது. வெப்பமானி சொல்லாததை இந்தத் திண்டுகள் சொல்கின்றன.

இன்னொன்றும் உண்டு. அவை ஓடிய தடம் இல்லை, நடந்த தடம் என்றுதான் தேடியவர்கள் சொன்னார்கள். தம்பி, கேள்வியில் நீங்கள் ஓடி என்று எழுதாமல் இறங்கி என்று எழுதியது நல்லது.

பிப்ரவரி 2, இரவு 9.20

சிங்கப்பூரிலிருந்து எழுதும் ஆச்சி கேட்கிறார்கள்: மைனஸ் 25க்கும் 45க்கும் என்ன வித்தியாசம், எப்படியும் சாவுதானே?

இருக்கிறது ஆச்சி. கனடாவும் அமெரிக்காவும் 2001 முதல் பயன்படுத்தும் காற்றுக்குளிர் சூத்திரத்தில் போட்டுப் பார்த்தேன். மைனஸ் 25, காற்று மணிக்கு 50 கிலோமீட்டர் என்றால் திறந்த தோலுக்கு மைனஸ் 42 போல உறைக்கும். மைனஸ் 30 என்றால் மைனஸ் 49. அதாவது மைனஸ் 45 உண்டாக்கும் கொடுமையை மைனஸ் 25-உம் காற்றும் சேர்ந்து தாராளமாகச் செய்துவிடும். வெப்பநிலையை இழுத்துக் கீழே கொண்டுபோக வேண்டிய அவசியமே இல்லை.

ஆனால் காற்று என்று வைத்தால் ஒதுங்க இடம் தேடலாம், காட்டுக்குள் போகலாம், தீ மூட்டலாம். வெறும் குளிர் என்று வைத்தால் எங்கே போனாலும் அதே குளிர்தான். அவர்கள் காட்டைப் பார்த்து இறங்கினார்கள். முதல் கணக்கின்படி நடந்துகொண்டார்கள் என்று அர்த்தம். பித்துப்பிடித்துப் போனவர்கள் இப்படிச் செய்யமாட்டார்கள்.

பிப்ரவரி 3, காலை 6.45

தூரத்து நிலையத்தின் அளவை வைத்துக் கணக்குப் போட்டால் என்ன தப்பு, விஞ்ஞானம்தானே என்று தேவகோட்டை அண்ணன் கேட்டிருக்கிறார். அண்ணே, இதில் எனக்குச் சொந்த வயிற்றெரிச்சல் ஒன்று உண்டு.

2018 நவம்பர் கஜா புயலில் கீரமங்கலம் பக்கம் எங்கள் குடும்பத்துத் தென்னந்தோப்பு போனது. முக்கால்வாசி மரம் சாய்ந்துவிட்டது. காப்பீட்டுக்காரர் வந்து பார்த்தார், படம் எடுத்தார், போனார். பிறகு ஒரு கடிதம். அருகில் உள்ள வானிலை நிலையத்தில் பதிவான காற்றின் வேகம் நிபந்தனையில் சொன்ன அளவை எட்டவில்லையாம். அந்த 'அருகில்' எங்கே என்று விசாரித்தால் தோப்புக்கும் அதற்கும் பஸ் மாறிப் போகவேண்டும். வேரோடு கிடக்கும் மரத்தைக் காட்டி இது என்ன காற்று என்று கேட்டால், அது எங்கள் ஆவணம் இல்லை என்றார்கள்.

அப்போது என் மச்சான்தான் ஒரு காரியம் செய்தார். விழுந்த மரங்கள் எந்தத் திசையில் கிடக்கின்றன என்று தோப்பு முழுக்கக் குறித்தார். ஒரு கூட்டம் தெற்கே தலைவைத்துக் கிடந்தது, இன்னொரு கூட்டம் வடக்கே. சில இடத்தில் ஒன்றன்மேல் ஒன்று. புயலின் மையம் கடந்ததும் காற்று எதிர்த்திசையில் திரும்பும், அதற்கு இதைவிடத் தெளிவான பதிவு எந்த நிலையத்திலும் இருக்காது. எது முதலில் விழுந்தது, எது மேலே விழுந்தது என்று பார்த்தாலே அந்த இரவின் வரிசை கிடைத்துவிடும். காசு வரவில்லை, அது வேறு விஷயம்.

அன்றிலிருந்து எனக்கு நிலையத்து எண்ணைவிட விழுந்து கிடக்கும் பொருள்மேல்தான் நம்பிக்கை. யூரல் மலையிலும் அதையே கேட்கிறேன்.

பிப்ரவரி 3, பகல் 1.15

பொருள் என்று சொன்னதும் டார்ச் ஞாபகம் வந்தது. இந்த இழையில் இதுவரை யாரும் எடுக்கவில்லை.

கூடாரத்தை முதலில் கண்ட இருவரில் ஒருவர் ஸ்லொப்த்சோவ். அவர் சாட்சியத்தில் வருவது: சரிந்து கிடந்த கூடாரத் துணிமேல் 5 முதல் 10 சென்டிமீட்டர் பனி, அந்தப் பனிமேல் தியாத்லோவின் டார்ச். டார்ச்மேல் பனி இல்லை.

இதை வைத்து எத்தனை பேர் துப்பறிந்திருக்கிறார்கள்! டார்ச்சுக்கு அடியில் பனி இருப்பதால், அதை வைக்கும்போதே கூடாரத்தின்மேல் பனி விழுந்திருந்தது. ஆகவே பனிச்சரிவு உண்மை என்பார் ஒருவர். டார்ச்மேல் பனி இல்லாததால் பிறகு யாரோ வந்து வைத்தார்கள் என்பார் இன்னொருவர்.

முதலாமவர் பக்கம் கொஞ்சம் சாய்கிறேன். வெளியே வந்தவர் துணிமேல் கிடந்த பனியில் டார்ச்சை வைத்தார், கை உறைந்த நிலையில் எடுக்க மறந்தார். இது இயல்பாக இருக்கிறது.

பிப்ரவரி 4, காலை 7.30

டார்ச் விஷயத்தைப் படுக்கையில் புரட்டிப் பார்த்தேன். நேற்றைய சாய்வைக் கொஞ்சம் நிமிர்த்துகிறேன்.

பிப்ரவரி 1 இரவுக்கும் 26-ஆம் தேதிக்கும் நடுவே 25 நாள். அந்த மலையில் 25 நாளும் காற்று சும்மா இருந்திருக்காது. ஒரு நாள் பனியைக் கொண்டுவந்து போட்டிருக்கும், மறுநாள் துடைத்துக்கொண்டு போயிருக்கும். டார்ச்மேல் பனி இல்லை என்பது 26-ஆம் தேதி நிலவரம். அதற்கு முந்தின வாரம் ஒரு சாண் பனி இருந்து பறந்து போயிருக்கலாம். துணியும் காற்றில் புடைத்து அமர்ந்திருக்கும்.

காலடித் திண்டுக்கும் இதே கேள்வி பொருந்தும் என்று அண்ணன் உடனே பிடித்துக்கொண்டார். பொருந்தும்தான். ஆனால் ஒரு வேற்றுமை. திண்டு உருவாக இளம்பனி முதலில், மிதி அடுத்து, காற்று கடைசியில் என்று ஒரே வரிசைதான் உண்டு. எத்தனை நாள் காற்று என்பது தெரியாமல் போகலாம், வரிசை மாறாது. டார்ச்சுக்கு அப்படி ஒரு வரிசை கிடையாது, எந்த நாள் பனி எது என்று பிரிக்கவே முடியாது. அதனால் திண்டை வைத்துக்கொள்கிறேன், டார்ச்சைக் கூண்டிலிருந்து இறக்குகிறேன்.

பிப்ரவரி 4, காலை 8.10

இன்னொரு டார்ச்சும் உண்டு. சரிவில் நானூறு ஐந்நூறு மீட்டர் கீழே கிடந்தது, சுவிட்ச் போட்டபடி, மின்கலம் செத்துப்போய். அதை வைத்து 'இத்தனை மணி நேரம் எரிந்தது' என்று கணக்குப் போடுபவர்களுக்காக இது.

சிக்ரி என்கிற மின்வேதியியல் ஆய்வு நிலையம் இருக்கும் ஊரில் இருந்துகொண்டு இதைச் சொல்லாமல் போனால் ஊருக்கே மரியாதை இல்லை. அந்தக் காலத்து டார்ச் கட்டை துத்தநாகம், கரி, நடுவில் நவச்சாரப் பசை. குளிரக் குளிர அந்தப் பசைக்குள் அயனி நகராது. மைனஸ் 20க்குக் கீழே போனால் புதுக் கட்டையே மங்கிவிடும். திரும்பச் சூடாக்கினால் கொஞ்சம் உயிர் வரும். உள்ளங்கைச் சூட்டில் இருக்கும்வரை எரியும், கையை விட்டுப் பனியில் விழுந்தால் சீக்கிரம் அணையும். ஆக, அணைந்த டார்ச் நேரத்தைச் சொல்லாது. ஏதாவது சொல்கிறது என்றால், அதைப் பிடித்திருந்த கை எங்கே விட்டது என்பதைத்தான்.

பிப்ரவரி 5, மாலை 6.00

வீட்டு வாசல் வழியாகப் பழனிக்குப் பாதயாத்திரை போகிறார்கள், அரோகரா சத்தத்தில் எழுத ஓடவில்லை. பக்கத்து வீட்டு அக்கா பானகம் கரைத்து வைத்திருக்கிறார். நடப்பவர்களில் பாதிப் பேர் செருப்பில்லாமல் போகிறார்கள், மாலைத் தார் இன்னும் சுடுகிறது.

1959-இலும் தைப்பூசம் முடிந்து ஒரு வாரம் கழிந்த சமயம்தான் அது. காவடி எடுத்துப்போன நம் ஆட்கள் வெயிலில் திரும்பிக்கொண்டிருந்திருப்பார்கள், அங்கே அந்தப் பிள்ளைகள் வெறும் காலுறையோடு பனி மூடிய சரிவில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். இது ஆதாரமில்லை, சும்மா தோன்றியது.

பிப்ரவரி 5, இரவு 10.40

காற்று அப்படித் திடீரென்று கிளம்புமா, அவர்கள் கூடாரம் போடும்போதே தெரியாதா என்ற கேள்விக்கு.

நேபாளத்தில் முக்திநாத் கோயிலுக்குப் போகிறவர்கள் ஜோம்சோமில் இறங்குவார்கள். நான் போனபோது காலையில் இலைகூட அசையவில்லை. வழிகாட்டிப் பையன் மட்டும் பத்து மணிக்குள் நடையை முடிக்க வேண்டும் என்று விரட்டிக்கொண்டே இருந்தான். எங்கள் கோஷ்டியில் ஒரு பெரியவர் தேநீரை ஆற்றி ஆற்றிக் குடித்தார். பதினொன்றுக்குக் காளி கண்டகிப் பள்ளத்தாக்கில் காற்று கிளம்பியது பாருங்கள், மணல் முகத்தில் அறைந்து, பக்கத்தில் இருப்பவர் கத்துவது கேட்கவில்லை. வானம் துடைத்துவிட்டதுபோல நீலம். புயல் இல்லை, மேகம் இல்லை, தினமும் நடக்கும் சமாச்சாரமாம். விமானங்கள் காலையில் மட்டும் இறங்குவது அதனால்தான்.

மலையில் காற்று வானிலை அறிக்கையைக் கேட்டு வருவதில்லை. நிலத்தின் அமைப்பே அதை உண்டாக்கும். ஜோம்சோமில் வெயில் ஏற ஏறக் காற்று மேலே ஏறுகிறது. யூரலில் இரவில் நேர் எதிர்: மேட்டில் குளிர்ந்து கனத்த காற்று சரிவில் வழிந்து இறங்கும். 2019-இல் அந்த இடத்துக்குப் போன ஸ்வீடன்காரர்கள் இதைத்தான் காரணமாகச் சொன்னார்கள். அதற்குத் துணையாக அவர்கள் நாட்டு விபத்து ஒன்றையும் காட்டினார்கள். 1978 பிப்ரவரியில் அனாரிஸ் மலையில் 9 பேர் பனிச்சறுக்கில் போய்க் காற்றில் மாட்டினார்கள், பனியைத் தோண்டி ஒதுங்கப் பார்த்தார்கள், 8 பேர் இறந்தார்கள். ஒருவர் பிழைத்ததால் அங்கே மர்மம் இல்லை. அவர் சாட்சி சொல்லிவிட்டார்.

1973 ஜனவரியில் கோலா தீபகற்பத்தின் சிவ்ருவாய் கணவாயில் 10 பேர் இறந்ததும் காற்றில்தான். அதைப் பற்றி யாரும் பேய்க்கதை சொல்வதில்லை. கூடாரம் கிழியவில்லை பாருங்கள்.

பிப்ரவரி 6, காலை 9.00

அந்தக் கிழிந்த கூடாரத்தில்தான் காற்றுக்கட்சி தடுமாறும், ஒப்புக்கொள்கிறேன். காற்று எவ்வளவு அடித்தாலும் உள்ளே இருப்பவர் கத்தி எடுத்துத் துணியைக் கிழிக்க வேண்டிய தேவை இல்லை. அது காற்றை உள்ளே விடும் வேலை.

அதனால் பனிப்பலகை வாதத்தை எடுத்துக்கொள்கிறேன். இறுகிய பனி அடுக்கு ஒன்று பலகைபோல மொத்தமாகக் கழன்று சரியும் பனிச்சரிவு அது. 2021 ஜனவரியில் சுவிட்சர்லாந்தின் யோகான் கோம், அலெக்சாண்டர் புஸ்ரின் இருவரும் வெளியிட்டது. வாதம் எளிமை. சரிவு சராசரியாக ஏறக்குறைய 23 டிகிரிதான், அதில் பனிச்சரிவு வராது என்று பழைய ஆட்கள் சொன்னார்கள். கூடாரத்துக்கு நேர் மேலே மட்டும் 28 டிகிரி வரை இருந்தது என்று இவர்கள் காட்டினார்கள். பனியில் பலவீனமான அடுக்கு ஒன்று புதைந்திருந்தது. கூடாரத்துக்காகச் சரிவை வெட்டினார்கள். காற்று இரவெல்லாம் மேலேயிருந்து பனியை வாரிக்கொண்டுவந்து அந்த வெட்டுக்கு மேலே குவித்தது. பாரம் தாங்காமல் ஒரு சின்னப் பலகை கழன்று விழுந்தது. வெட்டியதற்கும் விழுந்ததற்கும் இடையே 7.5 முதல் 13.5 மணி நேரம் ஆகியிருக்கும் என்பது அவர்கள் கணக்கு.

எனக்கு இதில் பிடித்தது எது தெரியுமா? அன்றிரவு பனி பொழியவில்லை, அப்புறம் எப்படிப் பனிச்சரிவு என்று நிலையத்துப் பதிவைக் காட்டி மடக்கியவர்களுக்கு இங்கே பதில் இருக்கிறது. வானத்திலிருந்து பனி பெய்யவே வேண்டாம். மேற்கே தரையில் கிடந்ததைக் கிழக்கே கொண்டுவந்து சேர்க்கக் காற்று போதும். திரும்பவும் காற்றிடமே வந்து நிற்கிறோம், தம்பி. மைனஸ் 45க்கு இந்தக் கணக்கில் வேலையே இல்லை.

பிப்ரவரி 6, காலை 9.12

வானத்துத் தீக்கோளம்தான் அவர்களைக் கொன்றது என்கிற கட்சிக்கு ஒரே வரி: வானத்தில் ஒளி பார்த்ததாகப் பதிவான நாள்கள் பிப்ரவரி 17-உம் மார்ச் 31-உம். அதற்குள் இவர்கள் இறந்து வாரங்கள் ஆகிவிட்டன.

பிப்ரவரி 8, இரவு 8.30

பஞ்சாங்கம் பார்க்கும் வீடு என்பதால் ஒன்று. 1959-இல் தை அமாவாசை பிப்ரவரி 7. அப்படியானால் பிப்ரவரி 1 இரவு தேய்பிறை, அஷ்டமி கழிந்த நிலவு. நடுநிசிக்கு அப்புறம்தான் எழும். முன்னிரவில் கூடாரத்தை விட்டிருந்தால் கும்மிருட்டு. பின்னிரவில் விட்டிருந்தால் அரை நிலவாவது இருந்திருக்கும், மேகம் விட்டால்.

2020 அறிவிப்பில் பார்வைத் தூரம் 16 மீட்டர் என்று ஒரு எண் வருகிறது. கொஞ்ச தூரம் விலகித் திரும்பிப் பார்த்தபோது கூடாரம் தெரியவில்லை, அதனால்தான் போய்ச் சேர முடியவில்லை என்கிறார்கள். 15 இல்லை, 20 இல்லை, 16! மைனஸ் 45-ஐப் போலவே இந்த எண்ணும் எனக்கு உறுத்துகிறது. ஆனால் எண்ணை விட்டுவிட்டு விஷயத்தை மட்டும் பார்த்தால் சரிதான். நிலவில்லாத முன்னிரவு, தரைப்பனி பறக்கும் காற்று, கையில் மங்கும் டார்ச். 16 என்ன, 6 மீட்டரே தெரிந்திருக்காது.

பிப்ரவரி 9, காலை 10.20

இப்போது காயம்பட்ட மூவர். பனிப்பலகை கூடாரத்திலேயே அவர்களை நொறுக்கியது என்பது சுவிஸ்காரர்கள் கருத்து. இங்கேதான் நான் அவர்களை விட்டுப் பிரிகிறேன்.

திபோ பிரிஞ்ஞோலுக்கு மண்டை ஓடு உள்வாங்கியிருந்தது. துபினினாவுக்கும் ஸொலோதர்யோவுக்கும் விலாக்கள் வரிசையாக முறிந்திருந்தன. இப்படிப்பட்ட மூவர் ஒன்றரை கிலோமீட்டர் இறங்கியிருக்க வேண்டுமென்றால் தூக்கியோ இழுத்தோதான் கொண்டுபோயிருக்க வேண்டும். காலடித் திண்டுகளில் அதற்குத் தடம் இல்லை. எட்டு ஒன்பது பேர் தம் காலில் நடந்த தடம்தான். இழுத்திருந்தால் அகலமாக இறுகிய பனி, திண்டுகளோடு சேர்ந்து நீள வரப்பாக நின்றிருக்கும்.

அப்படியானால் அடி கீழேதான் பட்டிருக்க வேண்டும். அவர்கள் கிடந்த இடம் ஓடைப்பள்ளம். கிளைகளை வெட்டிப்போட்டுப் பனியில் ஒரு குகைமாதிரி ஒதுக்கிடம் செய்திருந்தார்கள். மேலே காற்று அரித்த பனியெல்லாம் பள்ளத்தில்தான் வந்து நிரம்பும். அடியில் ஓடை நீர் ஓடிக்கொண்டிருந்தால் பனிக்கூரைக்குக் கீழே வெற்றிடம் உண்டாகும். தோண்டிய இடத்தில் கூரை இடிந்தால் மூன்று நான்கு மீட்டர் உயரத்துப் பனி கல்லின்மேல் ஆளை வைத்து அமுக்கும். விலா வரிசையாக முறிய அது போதும்.

பள்ளத்தில் கிடைத்த உடல்களில் சிலவற்றில் கண்ணும் நாக்கும் இல்லாமல் போனதற்கு மே மாதம்வரை ஓடும் நீரில் கிடந்ததைத் தாண்டி ஒன்றும் வேண்டாம். அதை விரித்து எழுத எனக்கு மனசில்லை.

பிப்ரவரி 9, பகல் 12.45

திண்டுகள் வழி முழுக்க இல்லையே, கீழே போகப் போக மறைந்துவிட்டதே, மறைந்த இடத்தில் இழுத்திருக்கலாமே என்கிறார் அண்ணன். கேட்க வேண்டிய கேள்வி. தடம் தொடங்குவது கூடாரத்துக்குப் பக்கத்தில். மூவர் நொறுங்கியது கூடாரத்தில் என்றால் முதல் அரைக் கிலோமீட்டரில்தான் இழுத்த தடம் வேண்டும், கடைசியில் இல்லை. அங்கேதான் திண்டுகள் நன்றாக இருக்கின்றன.

தூக்கிக்கொண்டு போனார்கள் என்றால்? மூவரைத் தூக்க ஆறு பேர். காலுறையோடு, இருட்டில், கல்வரிசை கடந்து. தடம் ஆறாகக் குறைந்திருக்கும்.

பிப்ரவரி 9, பகல் 12.58

சீடர் மரத்தடித் தீ பற்றி யாரும் கேட்காததால் நானே. அது எரிந்தது என்பதே ஒரு வானிலைக் குறிப்பு. அடித்த காற்று அங்கேயும் அப்படியே இருந்திருந்தால் தீக்குச்சி பற்றியிருக்காது. காட்டோரத்தில் காற்று தணிந்திருந்தது. ஐந்து மீட்டர் உயரம்வரை கிளை முறித்திருக்கிறார்கள். அவர்கள் கணக்கு, காட்டுக்குப் போனால் பிழைக்கலாம் என்பது, தப்புக் கணக்கு இல்லை. உடை இல்லாததுதான் கொன்றது. அந்த இருவரின் உடல்களிலிருந்து உடையை வெட்டி எடுத்துப் பள்ளத்தில் இருந்தவர்கள் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். உயிரோடிருந்தவர்கள் அப்போதும் தெளிவாகத்தான் யோசித்திருக்கிறார்கள்.

பிப்ரவரி 12, காலை 7.15

பூசம் முடிந்து ஊர் அடங்கியிருக்கிறது. கேள்வி கேட்ட தம்பி, 'அப்படியென்றால் 2020 அறிவிப்பும் பனிச்சரிவுதான் சொல்கிறது, நீங்களும் பாதி பனிச்சரிவுதான் சொல்கிறீர்கள், எதற்கு இத்தனை பக்கம்?' என்று கேட்டிருக்கிறார்.

வித்தியாசம் இருக்கிறது. அவர்கள் முடிவை வைத்துக்கொண்டு அதற்குத் தோதான வானிலையைக் கொண்டுவந்து ஒட்டினார்கள். மைனஸ் 45, 16 மீட்டர். நான் அந்த இரண்டு எண்ணையும் அடித்துவிட்டு நாட்குறிப்பு, புகைப்படம், திண்டு, தீ, பள்ளத்துப் பனி இவற்றை மட்டும் வைத்துக்கொண்டேன். அதில் எனக்குக் கிடைக்கும் வரிசை: மேற்குக் காற்று, கூடாரத்துக்கு மேலே பனி சேர்தல், சின்னப் பலகை ஒன்று துணிமேல் விழுதல், கிழித்து வெளியேறுதல், காட்டைப் பார்த்து நடை, தீ, இருவர் சாவு, மூவர் கூடாரத்துக்குத் திரும்ப முயன்று காற்றில் விழுதல், பள்ளத்தில் கூரை இடிதல். கடைசி இரண்டில் எது முன், எது பின் என்று திண்டும் சொல்லாது, தீயும் சொல்லாது.

பிப்ரவரி 12, காலை 7.40

இல்லை தம்பி, யூடியூபில் இதைப் பேசச் சொல்லாதீர்கள். பேய் இல்லாமல் யார் பார்ப்பார்கள்?

பிப்ரவரி 12, இரவு 9.05

தேவகோட்டை அண்ணனுக்கு: விழுந்த பலகையின் பனி கூடாரத்தின்மேல் 26-ஆம் தேதி ஏன் குவியலாக இல்லை என்று கேட்டீர்கள். வாசல் பக்கத்துக் கம்பு அப்போதும் நின்றுகொண்டிருந்தது, நடுவும் பின்பக்கமும்தான் அமுங்கியிருந்தன. விழுந்தது சிறியது, கூடாரத்தின் ஒரு பகுதியை அமுக்கும் அளவுதான். மேலே தளர்வாகக் கிடந்ததைக் காற்று 25 நாளில் எடுத்துக்கொண்டு போயிருக்கும். காலடியைச் சுற்றி அரித்த அதே காற்று கூடாரத்தை மட்டும் விட்டுவைக்குமா என்ன?